அப்பத்தா கூப்பிட்ட இஸ்டெல்லா

போன இதழ்ல விடிவெள்ளி பத்தி ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு வந்த கடுதாசியில பாதி வானத்தப் பத்தியே இருக்கு. அதனால இந்தத் தடவ சினிமா, அரசியல் கேள்வியெல்லாம் ஓரமா எடுத்து வச்சாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: என் பேத்திக்கு ஸ்டெல்லான்னு பேரு வச்சிருக்காங்க. நான் கூப்பிட்டா "இஸ்டெல்லா"ன்னுதான் வாய்ல வருது. மருமகளும் பேத்தியும் சேந்துக்கிட்டு சிரிக்கிறாங்க. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? நான் சொல்றது அம்புட்டு தப்பா? (ஒரு அப்பத்தா, ஞானஒளிவுபுரம், மதுரை)

பதில்: சிரிக்கட்டும் விடுங்கம்மா. ஸ்டெல்லான்னா லத்தீன்ல நட்சத்திரம். மாதா பிரார்த்தனைல "விடியற்காலத்தின் நட்சத்திரமே"ன்னு சொல்லுவீங்கள்ல, அது லத்தீன்ல "ஸ்தெல்லா மத்துதீனா", அந்த ஸ்தெல்லாதான் உங்க பேத்தி. நாம 'ட' போட்டு எழுதுறது இங்கிலீஷ்காரன் வழியா வந்ததால, இத்தாலிக்காரன் நாக்க பல்லுல வச்சு ஸ்தெல்லான்னுதான் சொல்லுவான். 1606-ல மதுரைக்கு வந்து காவி கட்டி நம்மாளுக மாதிரியே வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலி இருக்காருல்ல, ரோம்ல பொறந்தவரு, அவரு சின்னப் புள்ளைல வானத்தக் காட்டி சொல்லியிருக்கக் கூடிய சொல் இதுதான்.

இப்ப அந்த 'இ'க்கு வருவோம். தமிழ் நாக்குக்கு சொல்லோட தொடக்கத்துல ரெண்டு மெய் ஒட்டி வந்தா ஆகாது. பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து திருப்பரங்குன்றம் போற பஸ்ல ஏறிப் பாருங்க, கண்டக்டர் "இஸ்டேஷன் எறங்கு, இஸ்டேஷன் எறங்கு"ம்பாரு, பின்னாடி சீட்டுல ஒரு அம்மா "எம்மகன் இஸ்கூலுக்குப் போயிருக்கான்"ம்பாங்க, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை, நான் ரொம்ப நாளா கவனிச்சு வச்சிருக்கேன்: ஸ்-க்கு அடுத்து ட, க, ப வந்தா முன்னாடி ஒரு 'இ'ய மாட்டுறோம், இஸ்டூலு, இஸ்கேலு, இஸ்பூனு. ஆனா ல, ந வந்தா நடுவுல உடைச்சு விடுறோம், ஸ்லேட்டு சிலேட்டு ஆச்சு, ஸ்நேகம் சிநேகம் ஆச்சு. யாரும் இஸ்லேட்டுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லிக் குடுக்காமலே எல்லார் நாக்கும் ஒரே மாதிரி மடங்குது பாருங்க. ரகரத்துக்கும் லகரத்துக்கும் யகரத்துக்கும் நன்னூல்ல சூத்திரமே இருக்கு, ராமன் இராமனாகுறதும், லோகம் உலகமாகுறதும், யக்ஷன் இயக்கனாகுறதும் அப்படித்தான், அத தப்புன்னு எந்தப் புலவரும் சொல்லல.

சரி, இதே வேலைய ரோம் சாம்ராஜ்ஜியத்து சனங்களும் செஞ்சாங்க. படிச்சவன் ஸ்தெல்லா, ஸ்கோலா (பள்ளிக்கூடம்), ஸ்பிரிதுஸ் (ஆவி) அப்படின்னு எழுதிக்கிட்டு இருக்கும்போது சாதாரண சனம் முன்னாடி ஒரு 'இ' போட்டுப் பேசுச்சு. கி.பி. 2-ம் நூற்றாண்டுல இருந்தே கல்வெட்டுல அது தட்டுப்படுது, செத்தவங்க கல்லறைல "இஸ்பிரிதுஸ்"னு வெட்டியிருக்கான். கல்லுல உளி புடிச்சவன் வாயில வந்தபடி வெட்டிட்டான், பண்டிதர் யாராவது பாத்திருந்தா நம்ம மருமக மாதிரியே சிரிச்சிருப்பாரு. ஆனா கடைசில யாரு ஜெயிச்சா? அந்த 'இ' கொஞ்சம் வாய் தெறந்து 'எ' ஆகி, ஸ்பெயின்ல நட்சத்திரம் எஸ்த்ரேயா, போர்ச்சுகல்ல எஸ்த்ரேலா, பழைய பிரெஞ்சுல எஸ்துவால், இப்ப எத்வால். பள்ளிக்கூடம் ஸ்பானிஷ்ல எஸ்குவேலா, பிரெஞ்சுல எகோல். எல்லாமே நம்ம இஸ்கூலுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிதான். இத்தாலிக்காரன் மட்டும் ஸ்தெல்லா, ஸ்குவோலான்னு பழையபடியே வச்சுக்கிட்டான், அவன்கிட்டயும் முழுசா விட்டுப் போகல, "எழுத்து மூலமா"ன்னு சொல்லணும்னா "பெர் இஸ்க்ரித்தோ"ன்னு இன்னிக்கும் ஒரு 'இ' எட்டிப் பாக்குது. இதெல்லாத்தையும் விட சார்தீனியா தீவுல சனங்க நட்சத்திரத்துக்கு சொல்றது இஸ்தெட்டு. அங்க நீங்க போயி பேத்திய கூப்பிட்டீங்கன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

மருமக இங்கிலீஷ் படிச்சவங்களா இருந்தா இன்னொண்ணு சொல்லுங்க. ஸ்டேட் கவர்மெண்ட்ல இருக்குற ஸ்டேட்டும், கம்பம் மேட்டுக்கு அங்கிட்டு இருக்குற ஏலக்கா எஸ்டேட்டும் ஒரே லத்தீன் சொல்லுதான், ஸ்தாதுஸ். எஸ்டேட்டுல முன்னாடி நிக்குதே 'எ', அது பிரெஞ்சுக்காரன் அப்பத்தா போட்டது. அதச் சொல்லும்போது மட்டும் ஏன் சிரிக்கலன்னு கேளுங்க.

கேள்வி: நான் காலேஜ் படிக்கிறேன், மொபைல்ல ஸ்பானிஷ் கத்துக்கிறேன். இத்தாலியன்ல ஸ்தெல்லா, ஸ்பானிஷ்ல எஸ்த்ரேயா. 'எ' சரி, நடுவுல இந்த 'ர' எங்க இருந்து சார் குதிச்சுச்சு? ரெண்டும் லத்தீன்ல இருந்துதான வந்துச்சு? (உசிலம்பட்டி மாணவர்)

பதில்: நல்லா புடிச்சீங்க தம்பி. இது ஒரு சின்ன துப்பறியும் கதை.

லத்தீன்ல நட்சத்திரத்துக்கு ஒரு சொல் இல்ல, ரெண்டு. வீட்டுச் சொல் ஸ்தெல்லா, படிச்சவங்க கிரேக்கத்துல இருந்து வாங்கி வச்ச சொல் அஸ்த்ரும். ஸ்பெயின் பக்கம் இருந்த சனங்க ஸ்தெல்லான்னு சொல்ல வாயெடுக்கும்போது பக்கத்துல நிக்கிற அஸ்த்ரும் வந்து இடிச்சு, அதுல இருந்த 'ர' இதுல ஒட்டிக்கிச்சு, அப்படித்தான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இது நடக்கிற காரியமான்னு கேட்டா, நம்ம ஊர் செவுத்தப் பாருங்க, "சுவற்றில் நோட்டீஸ் ஒட்டாதீர்"னு இருக்கும். சுவர் கூட இல் சேந்தா சுவரில்தான், றகரத்துக்கு அங்க வேலையே இல்ல. ஆனா கிணறு கிணற்றில், சோறு சோற்றில்னு பக்கத்துல நாலு சொல் இழுக்குது, சுவரும் அந்த ஜோதில போயி கலந்துருச்சு. புரூஃப் பாத்த காலத்துல நானே நூறு தடவ திருத்தியிருப்பேன், நம்ம இதழ் ஆபீஸ் செவுத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு இன்னிக்கும். எஸ்த்ரேயாவும் அந்த மாதிரி ஒரு சுவற்றில்தான்.

இதுல உள்ளுக்குள்ள இன்னொரு விஷயம் இருக்கு. ஸ்தெல்லாவுக்கே ஆதியில ஒரு 'ர' இருந்துச்சு. இந்தோ ஐரோப்பிய மூலத்துல, அதாவது லத்தீன், கிரேக்கம், இங்கிலீஷுக்கெல்லாம் ஆதியான தாய் மொழில, நட்சத்திரம்னா ஏறக்குறைய ஹ்ஸ்தேர், கிரேக்கத்துல அஸ்தேர், இங்கிலீஷ்ல ஸ்டார், எல்லாத்துலயும் கடைசில 'ர' நிக்குது பாருங்க. லத்தீன்ல பின்னாடி ஒரு 'லா' சேந்து ஸ்தேர்லான்னு ஆகி, ர் போயி ல்-ல கரைஞ்சு ஸ்தெல்லா ஆச்சு. ஆக தொலைஞ்சு போன 'ர' பல நூறு வருஷம் கழிச்சு ஸ்பெயின்ல வேற வாசல் வழியா வீட்டுக்கு வந்துருக்கு, வந்தது அதே ஆளு இல்ல, ஆனா சொந்தக்காரன்தான், ஏன்னா அஸ்த்ரும்ல இருக்குற 'ர'வும் அந்தப் பழைய ஹ்ஸ்தேர்ல இருந்து வந்ததுதான்.

பிரெஞ்சுக்கு வேற கதை. எத்வால்ல வர்ற அந்த 'வா' சத்தம் பழைய நீண்ட ஏகாரத்துல இருந்து வந்தது. 'ல்ல'ன்னு ரெட்டை மெய் இருந்தா அந்த ஏகாரம் அப்படி மாறியிருக்காது, அதனால அந்தப் பக்கத்து சனங்க ஸ்தெல்லான்னு அழுத்தாம ஸ்தேலான்னு ஒத்தை 'ல' போட்டுத்தான் பேசியிருக்கணும்னு கணக்குப் போட்டு சொல்றாங்க. ஒரு எழுத்துல அழுத்தம் குறைஞ்சதுக்கு இம்புட்டு பெரிய மாற்றம். பழைய எஸ்துவால்ல இருந்த ஸ்-ஐ முதல்ல வாயில இருந்து எடுத்துட்டான், எழுத்துல மட்டும் பல நூறு வருஷம் விடாம வச்சிருந்தான், 1740-ல வந்த பிரெஞ்சு அகாதமி அகராதிலதான் அந்த ஊமை எழுத்தத் தூக்கிட்டு 'எ' தலைல ஒரு கோடு போட்டாங்க. பாரிஸ்ல பன்னெண்டு ரோடு வந்து ஒரே எடத்துல கூடுற வட்டம் இருக்கு, மேல இருந்து பாத்தா நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதுக்கு எத்வால்னே பேரு. 1970-ல சார்ல் தெ கோல் பேர மாத்தி வச்சும் சனங்க எத்வால்னுதான் சொல்றாங்க. நம்ம காலேஜ் ஹவுஸ் சிக்னல்ல நாலு ரோடுக்கே நாம படுற பாடு தெரியும்.

சிசிலியில ஸ்தெல்லா ஸ்டிட்டா மாதிரி ஒலிக்கும், அந்த ட்ட-வ நாக்க மேல மடிச்சு நம்ம டகரம் மாதிரியே சொல்றாங்க, ஆனா நாம வண்டில 'ட'வ சொல்றமே அந்த மாதிரி அதிர்வோட. சார்தீனியா இஸ்தெட்டுலயும் அதே ஒலி. ஐரோப்பாவுல டகரம் மடிக்கிற ஆளுங்க ரொம்ப கம்மி, அதனால எனக்கு அந்தத் தீவுக்காரங்க மேல ஒரு தனி பாசம். ருமேனியால நேர் எதிர், 'ல்ல' மொத்தமா காணாமப் போயி ஸ்த்யான்னு ஆயிருச்சு, ஆனா பன்மைல ஸ்தேலேன்னு 'ல' திரும்பி வந்துரும், ஏன்னா ஆகாரத்துக்கு முன்னாடி மட்டும்தான் அங்க அது கரையும். "அந்த நட்சத்திரம்"னு சுட்டிச் சொல்லணும்னா வாலுல ஒரு 'வா' ஒட்டி ஸ்த்யாவா. ஃபுட்பால் பாப்பீங்களா? 1986-ல பார்சிலோனாவ பெனால்டில தோக்கடிச்சு ஐரோப்பியக் கோப்பை தூக்குன புக்காரெஸ்ட் டீம் பேரு அதேதான். எஸ்த்ரேயா பேசுற ஊர்லயே வந்து ஸ்த்யாவா ஜெயிச்சது, மேட்ச் நடந்தது செவில்ல.

இன்னொண்ணு, லிஸ்பன்காரங்க இப்ப எஸ்த்ரேலாவுல முன்னாடி இருக்குற உயிர வாய்க்குள்ளயே முழுங்கி ஷ்த்ரேலான்னு பேசுறாங்க. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் முன்ன மாட்டுன கொக்கிய இப்ப கழட்டிக்கிட்டு இருக்காங்க.

கேள்வி: நட்சத்திரம், விண்மீன், தாரகை, வெள்ளி, உடு. இதுல எது தமிழ், எது வடமொழி? எதுக்காவது நீங்க எப்பவும் சொல்ற லத்தீன் சொந்தம் உண்டா? (தமிழாசிரியை, திருமங்கலம்)

பதில்: சொந்தம் தாரகைக்குத்தான் டீச்சர். சமஸ்கிருத தாராவுல இருந்து வந்தது, அந்த தாரா பழைய வேத மொழில ஸகரத்தோடயும் திரிஞ்சிருக்கு, "நட்சத்திரங்களால்"னு சொல்ற எடத்துல ஸ்த்ருபின்னு வரும். அத வச்சுத்தான் தாரா, கிரேக்க அஸ்தேர், லத்தீன் ஸ்தெல்லா, பாரசீகத்துல இருந்து இந்திக்கு வந்த சிதாரா எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்கன்னு சொல்றாங்க. ஆக தாரகைன்னு ஒரு பொண்ணும் ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணும் ஒரே பெஞ்சுல உக்காந்தா பேரளவுல அக்கா தங்கச்சி.

மீன் நம்ம சொல். மின்னுறதால மீன். சங்கப் பாட்டுல நாள்மீன் வேற, கோள்மீன் வேறன்னு பிரிச்சே வச்சிருக்கான், நிக்கிறது நாள்மீன், நகர்றது கோள்மீன். சிந்துவெளி முத்திரைல இருக்குற மீன் படத்த தமிழ் மீன்னு படிச்சுப் பாக்கலாம்னு ஆரம்பத்துல சொன்னவர் ஹென்றி ஹீராஸ்னு ஒரு ஜேசு சபைப் பாதிரியார், பார்சிலோனாக்காரர், பின்னாடி பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அத வானத்து மீனோட சேர்த்து ரொம்ப விரிவா எழுதினார். எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம் இல்ல இது. எனக்கு அதுல பிடிச்சது வேற: எஸ்த்ரேயான்னு பேசுற நாட்டுல இருந்து வந்த ஒரு ஆளு பம்பாய்ல உக்காந்து நம்ம மீனப் பத்தி மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்தாரு.

வெள்ளி பத்தி ஏட்டுல இருக்குறத விட வீட்ல கேட்டதச் சொல்றேன். எங்க ஆத்தா ஒத்தக்கடைல இருந்தப்ப நாலு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல சாணி தெளிக்க வாளியோட நிப்பாங்க, யானைமலைக்கு மேல பாப்பாங்க, "வெள்ளி முளைச்சிருச்சுடா, எந்திரி"ம்பாங்க. கடியாரம் கிடையாது வீட்ல. அவங்களுக்கு விண்மீனும் தெரியாது, தாரகையும் தெரியாது. விடிவெள்ளி, வால்வெள்ளி, ராத்திரி வானத்துல கெடக்குற அம்புட்டும் வெள்ளிதான். உடு இப்ப அகராதில மட்டும் இருக்கு, ஆனா அச்சுல ஒரு எடத்துல வேலைல இருக்கு: இந்த சின்ன நட்சத்திரக் குறிக்கு (*) உடுக்குறின்னு பேரு. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு ஆஸ்டரிஸ்க், கிரேக்கத்துல "குட்டி நட்சத்திரம்".

கேள்வி: கத்திரி வெயில் மண்டைய பொளக்குது. வெயிலுக்கு நட்சத்திரத்தோட பேர வைக்கிற கூத்து நம்ம நாட்டுல மட்டும்தானா? (மேலூர் விவசாயி)

பதில்: இல்லண்ணே, பிரான்சுலயும் அதே கூத்துதான். அங்க அனல் காத்துக்கு செய்தில சொல்றது கனிகுல். 2003 ஆகஸ்ட்ல அந்த கனிகுல்ல பிரான்ஸ்ல மட்டும் சுமார் 15,000 பேர் செத்தாங்க, பெரும்பாலும் தனியா இருந்த வயசானவங்க. அந்தச் சொல்லுக்கு லத்தீன்ல அர்த்தம் "நாய்க்குட்டி". வானத்துலயே ரொம்பப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்துக்கு ரோம்ல கனிகுலான்னு பேரு, அது இருக்குற கூட்டம் பெரிய நாய். கோடைல சூரியனோடயே சேந்து பகல்ல போயிக்கிட்டு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஜூலை கடைசி வாக்குல விடியக்காலைல சூரியனுக்குச் சத்த முன்னாடி மொதல் தடவ தலை காட்டும். அப்ப வெயிலும் உச்சம். சூரியனும் இதுவும் கூட்டு சேந்துதான் நம்மள வாட்டுதுன்னு நெனச்சுட்டான். ஸ்பானிஷ்ல கனீகுலா, இத்தாலியன்ல கனீகொலா, ருமேனியாவுலயும் அதே. இத்தாலிக்காரன் இன்னொரு பேரும் வச்சிருக்கான், சொல்லியோனே, சூரியனும் சிங்கமும் சேந்த சொல், சூரியன் சிம்ம ராசில நிக்கிற சமயம்.

நம்ம அக்னி நட்சத்திரமும் அந்தக் கணக்குத்தான். மே 4 வாக்குல தொடங்கி 28 வாக்குல முடியும், சூரியன் கார்த்திகை நட்சத்திரத்த ஒட்டி நடக்குற காலம், கார்த்திகைக்கு தேவதை அக்னி. அந்த நாள்ல கார்த்திகையோட ஆறு மீன வானத்துல தேடாதீங்க, சூரியன் மறைச்சிருக்கும். கார்த்திகை மாசம் சொக்கப்பனை கொளுத்துறப்ப பாருங்க, பௌர்ணமி நிலாவ ஒட்டி ராத்திரி பூரா நிக்கும். சிரியஸுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்ல, அது 8.6 ஒளியாண்டு தூரத்துல கெடக்கு, நம்ம மேலூர் கம்மாய் வத்துறதுக்கு அது பொறுப்பில்ல.

ஒரு சுவாரசியம். கனிகுல் படிச்சவங்க ஏட்டுல இருந்து எடுத்த சொல், அதனால தேயாம இருக்கு. அதே கனிகுலா சனங்க வாயில ஆயிரம் வருஷம் அரைபட்டு வந்தப்ப பிரெஞ்சுல ஷெனீய் ஆச்சு, அர்த்தமும் மாறி இப்ப அது கம்பளிப்பூச்சி. அந்தப் பூச்சி மூஞ்சி நாய்க்குட்டி மாதிரி இருக்குதாம், எனக்குத் தெரியல, நீங்க முருங்கமரத்துல பாத்துச் சொல்லுங்க. நாம கம்பளியப் பாத்து பூச்சிக்குப் பேரு வச்சோம், அவன் பூச்சியப் பாத்து பொசுபொசுன்னு இருக்குற ஒரு நூலுக்குப் பேரு வச்சான், ஜவுளிக்கடைல ஷெனில்னு சொல்றது அதுதான்.

கேள்வி: மேல சித்திரை வீதில முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். சித்திரை நட்சத்திரம்னா எது, வெள்ளக்காரன் அத என்னான்னு சொல்றான்? (வளையல் கடைக்காரர்)

பதில்: சித்திரா பௌர்ணமிக்கு மொத நா ராத்திரி எதிர்சேவைக்கு தல்லாகுளம் போவீங்கள்ல, கூட்டத்துல கழுத்த நிமித்த முடிஞ்சா நிலாவப் பாருங்க, பக்கத்துல நீலம் பாஞ்ச வெள்ளையா ஒண்ணு தனியா நிக்கும். அதுதான் சித்திரை. பௌர்ணமி எந்த நட்சத்திரத்த ஒட்டி விழுகுதோ அந்தப் பேருதான் மாசத்துக்கு, மாசத்துப் பேருதான் நம்ம வீதிக்கு. ரோமாபுரிக்காரன் அதுக்கு ஸ்பீகான்னு பேரு வச்சான், கன்னி ராசிப் பொண்ணு கைல புடிச்சிருக்குற கதிர். அறுப்பு வயல்ல நிக்கிற அதே கதிர்தான். அந்தக் கதிர் இத்தாலில ஸ்பீகா, ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் எஸ்பீகா, பிரெஞ்சுல எபி, ருமேனியால ஸ்பிக். மேல அப்பத்தாவுக்கு எழுதுனதப் படிச்சிருந்தா இந்த 'எ' எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டாம். தமிழ்ல கதிர்னா நெல்லுல இருக்குறதும்தான், சூரியன்ல இருந்து வர்றதும்தான், அது லத்தீன்காரனுக்குக் கிடைக்கல.

கேள்வி: திங்கள்னா நிலா, அதனால திங்கக்கிழமை. மத்த பாஷைலயும் இப்படியா? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: ஆமா. லத்தீன் லூனாவுல இருந்து இத்தாலிக்கு லுனெதீ, பிரெஞ்சுக்கு லந்தி, ஸ்பானிஷுக்கு லூனெஸ், ருமேனியாவுக்கு லூனி. போர்ச்சுகல்ல மட்டும் நிலா கிடையாது, செகுந்தா ஃபெய்ரா, ரெண்டாம் நாள், அவ்ளோதான். 6-ம் நூற்றாண்டுல ப்ராகா ஊர் பிஷப் மார்த்தீன் பழைய சாமி பேருல நாள் கூப்பிடக் கூடாதுன்னு கண்டிச்சதுல போனதும்பாங்க. வானத்துல இருக்குற நிலாவையும் அவங்க சும்மா விடல, நடுவுல இருந்த 'ன'வ முழுங்கி லுவான்னு ஆக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமைய எல்லாரும் ஆண்டவர் நாளா மாத்திக்கிட்டாங்க, தொமேனிகா, தொமிங்கோ, திமாஞ்ச். நம்ம ஊர்ல ஞாயிறு இன்னும் சூரியனாவே இருக்கு.

கேள்வி: எதுக்கெடுத்தாலும் "என்ன கெரகமோ"ன்னு எங்க வீட்டுக்காரர் அலுத்துக்குறாரு. இதுவும் வானம் சம்பந்தப்பட்டதா? (அலங்காநல்லூர் வாசகி)

பதில்: கிரகம்தான் கெரகம். உங்க வீட்டுக்காரருக்கு இத்தாலில ஆளு உண்டு: திஸாஸ்த்ரோ, "நட்சத்திரம் சரியில்லாதது", அதுல இருந்து பிரெஞ்சு, ஸ்பானிஷ், இங்கிலீஷ் டிசாஸ்டர். மேல தம்பிக்கு சொன்னேனே அஸ்த்ரும், அதுவே தான் உள்ள உக்காந்திருக்கு. வெள்ள நிவாரணக் கூட்டத்துல அதிகாரிங்க டிசாஸ்டர் டிசாஸ்டர்னு பேசுறப்ப எனக்கு எப்பவும் உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க ஞாபகம்தான் வரும்.

கேள்வி: வால்நட்சத்திரத்துக்கு காமெட்னு ஏன் பேரு? (பள்ளி மாணவி, சோழவந்தான்)

பதில்: கிரேக்கத்துல கொமேதேஸ்னா நீள முடி வச்சவன். நாம வால்னு பாத்தத அவங்க கூந்தல்னு பாத்தாங்க. ஸ்பானிஷ்ல ஆண்பாலா சொன்னா வால்நட்சத்திரம், பெண்பாலா சொன்னா நீங்க மொட்டமாடில விடுற பட்டம், ரெண்டும் கொமேதாதான். பார்சிலோனா பக்கம் கத்தலான்ல எஸ்தெல்னா நட்சத்திரமும் பட்டமும், அதுவும் நம்ம ஸ்தெல்லா குடும்பம்தான். வால் அறுந்து விழுந்தா எந்த ஊர்லயும் அழுகைதான் பாப்பா.

கேள்வி: உங்க பதில்ல சோறு தண்ணி பத்தி எதுவுமே வர மாட்டேங்குது. நட்சத்திரத்தத் திங்க முடியுமா? (நக்கலுக்காக, டவுன்ஹால் ரோடு மெஸ் மாஸ்டர்)

பதில்: முடியும் மாஸ்டர். போர்ச்சுகல்ல கடைல போயி "ஓவு எஸ்த்ரெலாது"ன்னு கேட்டா, "நட்சத்திர முட்டை"ன்னு அர்த்தம், நீங்க கல்லுல ஊத்துற ஆஃப்பாயில் வரும். ஒடச்சு ஊத்துனதும் வெள்ளை அங்கிட்டும் இங்கிட்டும் சிதறுது பாருங்க, அந்த உருவம். ஸ்பெயின்ல எஸ்த்ரெயார்னா மோதி நொறுங்குறதுக்கும் அதே சொல், கார் மரத்துல மோதுனாலும் எஸ்த்ரெயார், அத வச்சு ஒரு பழமொழி: சில பேரு நட்சத்திரத்தோட பொறக்குறான், சில பேரு நொறுங்கியே பொறக்குறான். ஸ்பானிஷ்ல அது எஸ்த்ரேயா, எஸ்த்ரெயாதோன்னு எதுகையோட விழும். மஞ்சக்கரு ஒடஞ்சிட்டா நீங்க பார்சல் கட்டி அனுப்புறீங்கன்னு ஒரு புகார் கடுதாசியும் வந்திருக்கு, அதுக்கு நீங்கதான் அடுத்த இதழ்ல பதில் சொல்லணும்.